செத்த காலேஜும் வெறுங் கருவறையும்



வேலூரில் பார்க்கத் தக்க இடங்கள் யாவை என்று உங்களுக்கு எடுத்துச் சொல்லுமாறு வானொலி நிலையத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். கோட்டை, கோயில், அருங்காட்சியகம், முத்து மண்டபம் என்று பெயர்களை அடுக்கினால் இரண்டு நிமிடத்தில் என் கடமை முடிந்துவிடும். நீங்களும் அவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த சுற்றுலாவில் ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் ஒதுக்கிப் பார்த்துவிட்டு, கோட்டை வாயிலில் ஐஸ்கிரீம் தின்று திரும்பிவிடுவீர்கள். நானும் மாணவனாக இருந்தபோது அப்படித்தான் செய்தேன். அன்று ஐஸ்கிரீமுக்குப் பதில் வேர்க்கடலை, அவ்வளவே வேறுபாடு. ஆசிரியனாகிப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற காலத்திலும் நெடுநாள் அப்படியே செய்தேன். ஆகவே பட்டியலை விட்டுவிட்டு, நான் பார்க்கத் தவறிய ஒன்றிரண்டைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணுகிறேன். அதற்கு நீங்கள் முதலில் வேலூரை விட்டுக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் வந்து, என் சொந்த ஊராகிய காவேரிப்பாக்கத்தில் சற்றே நிற்க வேண்டும்.

காவேரிப்பாக்கம் இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பேரூர். சென்னையிலிருந்து பெங்களூருக்கு விரைகின்றவர்கள் நெடுஞ்சாலையில் அதன் பெயர்ப் பலகையைக் கண்டு, "இங்கே காவேரி எங்கிருந்து வந்தாள்?" என்று வியப்பதுண்டு. எங்களுக்கு நீர் தருவது காவேரி அன்று; பாலாறு. அந்த நீரைத் தேக்கி வைத்திருக்கும் எங்கள் ஏரி தமிழ்நாட்டுப் பேரேரிகளுள் ஒன்று. நல்ல மழை பெய்த ஆண்டில் கரைமேல் நின்று பார்த்தால் கடலைப் பார்ப்பது போல இருக்கும். அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று கல்வெட்டுகள் இவ்வூருக்கு மற்றொரு பெயர் வழங்குகின்றன. அவனிநாராயணன் என்பது 9-ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் விருதுப் பெயர். சோழர் காலத்திலே இவ்வூர்ச் சபையார் வாரியங்கள் அமைத்து ஊராட்சி நடத்தினார்கள். ஏரியைக் காப்பதற்கென்றே ஒரு வாரியம் இருந்தது. ஊருக்கு வரலாறு உண்டோ என்று ஐயுறுகின்ற மாணவர்களிடம், ஏரிக்கரைக்குப் போய் நின்று பார் என்று சொல்வது என் வழக்கம்.

வரலாறு என்றவுடன் போரை எதிர்பார்ப்பவர்களுக்கும் குறையில்லை. 1752-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஆற்காட்டு முற்றுகையில் வென்று பெயர் பெற்றிருந்த இராபர்ட் கிளைவ், சந்தா சாகிபின் மகனான ராஜா சாகிபையும் அவனுக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையையும் தேடி இவ்வழியே வந்தார். பொழுது சாயும் நேரம். காவேரிப்பாக்கத்தை நெருங்கியபோது, சாலையோரத்து மாந்தோப்பிலிருந்து பிரெஞ்சுப் பீரங்கிகள் திடீரென்று முழங்கின. கிளைவின் காலாட்கள் ஒரு கால்வாய்க்குள் இறங்கி உயிர் தப்பினார்கள். நிலவொளியில் நெடுநேரம் சண்டை நடந்தது. தோப்பின் பின்புறம் காவல் இருக்கிறதா என்று பார்த்துவர ஒரு சிறு பிரிவு அனுப்பப்பட்டது. அதில் பிரெஞ்சு மொழி அறிந்த இளம் அதிகாரி ஒருவர் முன்னே சென்றார். காவலர் மறித்தபோது அவர்கள் மொழியிலேயே விடை சொல்லி உள்ளே புகுந்து பார்த்தார். பின்புறத்தில் காவல் இல்லை. சற்று நேரத்தில் பீரங்கிகள் ஆங்கிலேயர் கைக்கு மாறின. அத்துடன் கருநாடகப் போரின் போக்கும் மாறியது. அந்த மாந்தோப்பு எங்கே இருந்தது என்று சிறு வயதில் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டேன். ஆளுக்கு ஒரு திசையைக் காட்டினார்கள். மாமரங்கள் பீரங்கிகளைப் போல அருங்காட்சியகத்தில் இடம் பெறுவதில்லை அல்லவா?

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். எங்கள் ஊரின் சிறந்த செல்வம் எங்கள் ஊரில் இல்லை. அது சென்னை எழும்பூரில் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அழகிய கற்சிற்பங்கள் பல காவேரிப்பாக்கத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தன. சிற்பக் கலை நூல்களில் 'காவேரிப்பாக்கத்துச் சிற்பங்கள்' என்று தனியே குறிக்கும் அளவுக்கு அவை பெயர் பெற்றவை. அவற்றிலே தமிழ்நாட்டுக் கையும் தக்காணத்துக் கையும் கலந்திருப்பதாக அறிஞர்கள் காண்கிறார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. 949-ஆம் ஆண்டில், எங்கள் ஊருக்கு வடகிழக்கே ஒரு நாள் நடைத் தூரத்திலுள்ள தக்கோலத்தில், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுக்கும் சோழர்க்கும் பெரும்போர் நிகழ்ந்தது. சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். வென்ற கிருட்டிணன், 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' என்று தமிழ்க் கல்வெட்டுகளில் பெயர் பொறித்துக்கொண்டு இத்தொண்டை மண்டலத்தில் ஆட்சி செலுத்தினான். 959-இல் அவன் மேற்பாடியில் பாடி இறங்கியிருந்தான் என்று அவனுடைய செப்பேடே சொல்கிறது. அரசு மாறினால் வரி மாறும், படை மாறும். சிற்பியின் உளியிலும் ஒரு சாயல் மாறும். அணிகலன்களின் நெருக்கத்திலும் உடலின் திரட்சியிலும் அந்தச் சாயலை எங்கள் ஊர்ச் சிற்பங்களில் காணலாம்.

இவற்றையெல்லாம் நான் நூல்களில் படித்து, வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். 1996-ஆம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை எழும்பூருக்கு அழைத்துச் சென்றேன். பழைய தலைமுறையினர் அவ்வருங்காட்சியகத்திற்கு இட்ட பெயர் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும்: செத்த காலேஜ். விலங்குக் காட்சிசாலை உயிர்க் காலேஜ். 1851-இல் தொடங்கப்பட்ட அந்நிலையத்தில் ஒரு காலத்தில் உயிருள்ள விலங்குகளும் வைக்கப்பட்டிருந்தன. அவை பின்னர் வேறிடம் போயின. எலும்புக்கூடுகளும் பாடம் செய்த பறவைகளும் எஞ்சியதால் மக்கள் இப்படிப் பெயர் வைத்தார்கள். திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்த பிள்ளைகளின் மனத்தில் அந்தப் பெயரே நிலைத்திருந்தது.

கற்சிற்பங்கள் இருக்குமிடம் வந்தோம். ஒரு பீடத்தின் அருகே 'காவேரிப்பாக்கம்' என்ற பெயரைக் கண்டதும் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். நான் வழக்கம்போல, "பெயர், காலம், கல் வகை மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். எல்லாரும் எழுதத் தொடங்கினார்கள். ஒருவன் மட்டும் குறிப்பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். "என்னடா தேடுகிறாய்?" என்றேன். "ஐயா, செருப்ப எங்க விடறது?" என்று கேட்டான்.

"இது மியூசியம், செருப்போடு வரலாம்" என்று நான் விடை சொன்னேன். அவன் தலையாட்டினான். ஆனால் அந்தச் சிற்பத்தின் முன்னால் நின்ற நேரமெல்லாம் ஒரு காலை மற்றொரு காலின்மேல் வைத்துக் கூசியபடியே நின்றான். நான் சொன்ன விடை தவறில்லை. ஆயினும், ஆயிரம் ஆண்டு வரலாற்றைக் கரும்பலகையில் எழுதிய நான் கேட்காத கேள்வியை அந்தச் சிறுவனுடைய கால்கள் கேட்டுவிட்டன. கோயிலில் இருந்த கல் இங்கே வந்தபின் என்ன ஆகிறது? அது இன்னும் அதுவேதானா? இந்தக் கேள்வியோடுதான் வேலூர்க் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் இதற்கு நேர்மாறான கதை அங்கே நடந்திருக்கிறது.

வேலூர்க் கோட்டை 16-ஆம் நூற்றாண்டில் விசயநகரப் பேரரசுக்கு அடங்கிய சின்ன பொம்மி நாயக்கர் காலத்தில் எழுந்தது. பரப்பு ஏறத்தாழ 133 ஏக்கர். கருங்கல் மதிலைச் சுற்றி நீர் நிறைந்த அகழி. தென்னிந்தியாவில் அகழியில் நீரோடு இன்றும் நின்று, தரைக்கோட்டை என்பதற்கு இலக்கணமாக விளங்குவது இதுவே என்று சொல்வேன். நாயக்கர்க்குப்பின் பீசப்பூர் சுல்தானின் படை, பிறகு மராட்டியர், பிறகு மொகலாயர், ஆற்காட்டு நவாபு, இறுதியில் ஆங்கிலேயர் என்று அது கைமாறிக்கொண்டே வந்தது. மராட்டியர் இதனைப் பிடிக்க ஓராண்டுக்கு மேல் முற்றுகையிட்டுக் காத்திருந்து 1678-இல் வென்றார்கள் என்றால் மதிலின் வலிமையை நீங்களே அளந்துகொள்ளலாம். இந்தப் பட்டியலை நெட்டுருப் போட வேண்டாம். மதில்மேல் ஏறி ஒருமுறை சுற்றி வந்தால் போதும்.

1973-இல் நான் ஏழாம் வகுப்பு மாணவன். பள்ளிச் சுற்றுலா என்று அறிந்ததும் என் தந்தையார் எனக்குப் புதுச் செருப்பு வாங்கித் தந்தார். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று ஊருக்கு ஊர் தோல் பதனிடும் வட்டாரம் எங்களுடையது. ஆனாலும் அதுவே என் முதற் செருப்பு. அதை அணிந்துகொண்டு வேலூர்க் கோட்டைக்குள் நுழைந்தேன். ஏழு நிலைக் கோபுரத்தைக் கடந்தோம். இடப்புறத்தில் கலியாண மண்டபம். அந்த மண்டபத்தைச் சொற்களால் காட்ட எனக்குத் திறமை போதாது. தூண் ஒவ்வொன்றிலும் பாய்ந்தெழும் குதிரைகள், யாளிகள், அவற்றின்மேல் வீரர். ஒரே கல்லில் இத்தனை உருவங்களை எப்படி விடுவித்தார்கள் என்று கை தானாகவே தடவிப் பார்க்கும். இதன் அழகில் மயங்கிய ஆங்கிலேயர், மண்டபத்தைப் பிரித்துக் கப்பலேற்றிச் சீமைக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டார்கள் என்றும், அதற்கென்று வந்த கப்பல் மூழ்கிப் போனதால் மண்டபம் தப்பியது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, அந்தத் தூண்களைப் பார்த்தவர்கள் அதை நம்பத் தயங்கமாட்டார்கள்.

ஆனால் சலகண்டேசுவரர் கோயிலின் கருவறையிலே சலகண்டேசுவரர் இல்லை. நாடு போர்க்களமாகியிருந்த காலத்தில் இலிங்கம் அப்புறப்படுத்தப்பட்டது என்பர். அது சத்துவாச்சாரியில் ஒரு கோயிலில் வழிபடப்பட்டு வந்தது. வெறுமையான கட்டடம் படைக்கலக் கொட்டிலாகவும் பயன்பட்டது. பின்பு தொல்லியல் துறையார் பாதுகாப்பில் நினைவுச் சின்னமாக நின்றது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் பூசை இல்லை, விளக்கு இல்லை. நான் அன்று புதுச் செருப்பைக் கழற்றாமலே கருவறை வாயில் வரையில் போனேன். எங்களை யாரும் தடுக்கவில்லை. உள்ளே இருட்டும் வௌவால் வாடையுமே இருந்தன. ஆசிரியர், "இது கோயிலன்று, கோயிலாக இருந்தது" என்று சொன்னார். பதின்மூன்று வயதுப் பையனுக்கு அந்த வாக்கியம் இலக்கணப் பாடமாகவே பட்டது. வீட்டுக்குத் திரும்பி என் அன்னையிடம் கோயிலைப் பற்றி வியந்து பேசினேன். "சாமி இல்லாத இடத்துக்கு நான் எதுக்குடா வரணும்?" என்று அவர் பேச்சை முடித்துவிட்டார்.

அந்த ஊர் மக்கள் அப்படி முடித்துவிடவில்லை. 1981-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், சத்துவாச்சாரியிலிருந்து இலிங்கத்தைக் கொண்டுவந்து பழைய கருவறையிலேயே எழுந்தருளச் செய்தார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள ஒரு சின்னத்தில் நின்றுபோன வழிபாட்டை மீண்டும் தொடங்கலாமா என்பது சிக்கலான கேள்வி. சட்டம் அறிந்தவர்கள் அதைப் பற்றி நெடுங்காலம் வாதாடினார்கள். நான் அப்போது ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். செய்தி கேட்டதும் என் அன்னையே என்னை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். கோபுர வாயிலில் செருப்புகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் செருப்போடு நின்ற இடத்தில் என் அன்னை நெடுநேரம் கண்மூடி நின்றார்.

நான் மகிழ்ந்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மற்றப் பாதியையும் உங்களுக்குச் சொல்வது என் கடன். நான் அன்று அளவு நாடாவும் குறிப்பேடும் கொண்டுபோயிருந்தேன், கலியாண மண்டபத்துத் தூண்களை அளந்து வரைந்து பயிற்சிக் கட்டுரை எழுதலாம் என்று. கூட்டத்தில் ஒரு தூணையும் நின்று பார்க்க முடியவில்லை. யாளியின் வாயில் யாரோ கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். குதிரையின் முகத்தில் எண்ணெயும் குங்குமமும் வழிந்தன. வௌவால் இருந்தபோது சிற்பத்தைப் பார்க்க முடிந்தது. விளக்கு வந்தபின் பார்க்க முடியவில்லை. இதை என் அன்னையிடம் முறையிட்டேன். "நீ பார்க்கறதுக்கா கட்டினான்?" என்று கேட்டார். அதற்கு இன்றளவும் என்னிடம் முழு விடை இல்லை. அந்தச் சிற்பி பார்ப்பதற்கும்தான் கட்டினான் என்பது மட்டும் எனக்குத் திண்ணம். இல்லையேல் வாயில்படிக்கு மேலே யார் கண்ணிலும் எளிதில் படாத மூலையில் அத்தனை நுணுக்கம் எதற்கு?

கோட்டைக்குள் இன்னும் இரண்டு வழிபாட்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று 1846-இல் கட்டப்பட்ட தூய யோவான் தேவாலயம். அங்கே வழிபாடு நடந்து வருகிறது. மற்றொன்று பள்ளிவாசல், அங்கே தொழுகை நடப்பதில்லை. வழிபாடு நின்று மீண்ட கோயில், வழிபாடு தொடரும் தேவாலயம், வழிபாடில்லாத பள்ளிவாசல் ஆகிய மூன்றையும் ஒரு மதிலுக்குள் காண்பது அரிது. மூன்றின் முன்னும் சமமான நேரம் நில்லுங்கள். முதலில் எதைப் பார்த்தீர்களோ அதன் பக்கமே பேசத் தோன்றும். நாவை அடக்கிக்கொண்டு மற்ற இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

1806-ஆம் ஆண்டு சூலை 10-ஆம் நாளைப் பற்றிச் சொல்லாமல் வேலூரைச் சொல்ல முடியாது. அதற்கு முந்தைய ஆண்டில் சென்னைப் படைத்தலைவர் சர் சான் கிரதாக்கு புதிய ஆணை பிறப்பித்தார். சிப்பாய்கள் புதுமாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும். அணிவகுப்பில் நெற்றிக்குறியும் காதணியும் கூடா. தாடி மழிக்க வேண்டும். தலைப்பாகையில் தோலால் ஆன ஒரு குஞ்சம் இருந்தது. அது எந்த விலங்கின் தோலோ என்ற அச்சம் இந்துக்களையும் முசுலிம்களையும் ஒருங்கே பற்றியது. தோல் வட்டாரத்துப் பிள்ளைகளாகிய நமக்கு அந்த அச்சம் உடனே விளங்கும். கோட்டைக்குள் இருந்த அரண்மனைகளில் திப்பு சுல்தானின் மக்கள் 1799 முதல் காவலில் வைக்கப்பட்டிருந்தார்கள். சூலை 9-ஆம் நாள் திப்புவின் மகள் ஒருத்திக்குத் திருமணம். விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஆங்கிலேயரின் 69-ஆம் படைப்பிரிவில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மைசூர்ப் புலிக்கொடி மதில்மேல் ஏறிற்று. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் கில்லெசுபி விரைந்து வந்து சில மணி நேரத்தில் கோட்டையை மீட்டார். அதன்பின் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். ஆளுநர் பெண்டிங்கும் படைத்தலைவரும் திருப்பி அழைக்கப்பட்டனர். திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். 1857-க்கு அரை நூற்றாண்டு முந்தியது இது. இருநூறாண்டு நிறைவின்போது, 2006-இல், இந்திய அஞ்சல் துறை ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. கோட்டை மைதானத்தில் கிரிக்கெட்டு ஆடுகிற பிள்ளைகளை நான் கண்டதுண்டு. ஆடட்டும், ஆனால் பந்து எந்த மண்ணில் உருளுகிறது என்று ஒருவனாவது அறிந்திருக்கட்டும்.

இப்போது அருங்காட்சியகத்துக்குள் வாருங்கள். அரசு அருங்காட்சியகம் 1985-இல் தொடங்கப்பட்டு, இப்போது கோட்டைக்குள்ளேயே இயங்குகிறது. வேலூர் வட்டத்தில் கிடைத்த பழங்கால வாள் ஒன்று அங்கே இருக்கிறது. அதன் கைப்பிடியின் முனை பூச்சியின் உணர்கொம்புகளைப் போல இரண்டாகப் பிரிந்திருக்கும். பிற்காலப் பல்லவர் முதல் விசயநகரத்தார் வரையிலான கற்சிற்பங்களும் உண்டு. அவசரக்காரர்கள் இவற்றைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் தந்தத்தாலான சதுரங்கப் பலகையின் முன் நில்லுங்கள்.

அது கண்டியின் கடைசி அரசன் சிறீ விக்கிரம இராசசிங்கனுடையது. இலங்கையை ஆண்ட அவன் தென்னாட்டு நாயக்கர் குலத்தவன். 1815-இல் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டான். மறு ஆண்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டான். 1832-இல் இங்கேயே இறந்தான். பதினாறு ஆண்டுகள்! அரசன், அமைச்சன், யானை, குதிரை, காலாள் எல்லாம் அந்தப் பலகையின்மேல் மட்டுமே அவனுக்கு எஞ்சியிருந்தன. பாலாற்றங்கரையில் அவன் கல்லறையும் முத்து மண்டபமும் இருக்கின்றன. அங்கும் ஒரு நடை போய்வாருங்கள். அவனுடைய அரியணையோ அவனைப் பிரிந்து வேறு வழியில் போயிற்று. ஆங்கிலேயர் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் விண்ட்சர் மாளிகையில் வைத்திருந்தார்கள். 1934-இல் அதை இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்; கொழும்பு அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. அரியணை ஊர் திரும்பியது, அரசன் திரும்பவில்லை. இதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் கடைசி வரிசைப் பையன்களும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

பொருள்கள் திரும்புவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் எங்கள் ஊர்க் கற்களிடம் மீண்டும் வருகிறேன். எழும்பூரில் இருப்பவை ஒரு பங்கு மட்டுமே. 1926-இல் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுப் பேராசிரியர் சூவோ துப்ரேய் காஞ்சிபுரம் பக்கத்தில் யோகினிச் சிலைகளின் தொகுதி ஒன்றைத் திரட்டினார். காஞ்சி, காவேரிப்பாக்கம் வட்டாரத்தைச் சேர்ந்தவை என்று அறிஞர்கள் கருதும் அத்தேவியர் கலைப்பொருள் வணிகரின் கைக்குப் போய், உலகெங்கும் சிதறினார்கள். வாசிங்டனில் ஒருத்தி, இலண்டனில் ஒருத்தி, டொராண்டோவில் ஒருத்தி, பாரிசில் ஒருத்தி என்று பிரிந்து வீற்றிருக்கிறார்கள். சில சிலைகள் சென்னையில் இருக்கின்றன. வட்டமாக ஒரே முற்றத்தில் அமர்ந்திருந்த தோழியர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க இனி வழியில்லை.

"அப்படியானால் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவர வேண்டாமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். திருடிச் சென்றவற்றைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும். அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தன் கோயிலில் களவுபோய் ஆத்திரேலியாவில் விலைக்கு வாங்கப்பட்ட நடராசர் 2014-இல் இந்தியாவுக்கு மீண்டார். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் எழும்பூரிலுள்ள காவேரிப்பாக்கத்துச் சிற்பங்களை எங்கே கொண்டுவந்து வைப்பது? சலகண்டேசுவரர் திரும்புவதற்கு அவருடைய கருவறை காத்துக்கொண்டிருந்தது. எங்கள் சிற்பங்கள் எந்தச் சுவரை அழகுசெய்தனவோ அந்தச் சுவரை இன்று ஊரில் காண்பதற்கில்லை. வெட்டவெளியில் நிறுத்தினால் பத்து ஆண்டில் சுண்ணாம்பும் பெயின்டும் பூசிவிடுவோம். என் ஊராரை நான் அறிவேன், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வீடு இருக்கிற பொருள் வீட்டுக்குத் திரும்பட்டும். வீடிழந்த பொருளுக்கு அருங்காட்சியகமே வீடு. இது என் முடிவு. இதை ஏற்காத மாணவர்கள் என்னிடம் பலர் உண்டு. அவர்களுள் சிலர் நன்றாகவே வாதாடினார்கள்.

இடம் பெயராத கல் எப்படிப் பேசும் என்று அறிய விரும்பினால், எங்கள் ஊரிலிருந்து சிறிது தூரத்திலுள்ள மகேந்திரவாடிக்குச் செல்லுங்கள். வயல்வெளியில் தனியே நிற்கும் ஒரே பாறையைக் குடைந்து 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் திருமாலுக்குக் கோயில் எடுத்தான். தூணிலுள்ள கல்வெட்டு, இது மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகத்தின் கரையில், மகேந்திர விட்டுணு கிருகம் என்ற பெயருடன் வெட்டப்பட்டது என்று அறிவிக்கிறது. ஊர், ஏரி, கோயில் மூன்றுக்கும் தன் பெயரையே வைத்துக்கொண்டான் மன்னன்! அடக்கம் என்ற பண்பை வேறிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள்; ஒரு கல்வெட்டை அதன் இடத்திலேயே நின்று படிக்கும் இன்பத்தை இங்கே பெறுங்கள். 'ஏரிக்கரையில்' என்று கல் சொல்லும். நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தால் அது எந்த நிலத்தைப் பார்த்துச் சொல்லிற்று என்பது விளங்கும். எழும்பூரில் இது வாய்க்காது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டில், எழும்பூரிலுள்ள எங்கள் ஊர்ச் சிற்பங்களின் புகைப்படங்களைச் சட்டமிட்டுப் பள்ளித் தாழ்வாரத்தில் மாட்டினேன். கீழே என்ன எழுதுவது என்று ஆசிரியர்கள் கூடிப் பேசினோம். பெயர், காலம், கல் வகை என்றே எழுத என் கை போயிற்று. பிறகு ஒரு மாணவி சொன்னபடி எழுதினோம்: 'நம் ஊரார். தற்போது எழும்பூரில்.' மறு திங்களே பத்துப் பிள்ளைகள் தம் பெற்றோரை நச்சரித்துச் சென்னைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அரக்கோணத்துக்கு அருகிலுள்ள திருவாலங்காட்டிலிருந்து வந்த நடராசரும் அங்கேதான் இருக்கிறார். பிரான்சு நாட்டுச் சிற்பி ரொதேன் புகைப்படத்தில் மட்டுமே கண்டு வியந்து எழுதிய அதே நடராசர். நீங்கள் போகும்போது அவரைத் தேடிப் பாருங்கள்; பிறகு கற்சிற்பங்களின் பக்கம் வந்து 'காவேரிப்பாக்கம்' என்ற பெயரைத் தேடுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றினாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நான் ஒருமுறை கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். காவலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், அவ்வளவுதான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. பூட்டைப் பார்த்துவிட்டு நூறு கிலோமீட்டர் திரும்பி வந்த அனுபவம் எனக்கு இருமுறை உண்டு.